வேகம் தணிந்தபோது கேட்ட குரல்கள்: மைனர் திரெட் முதல் ஃபுகாசி வரை

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த என் மூத்த மகன், போன வருடம் ஒரு நாள், தன் காதுக்கருவியின் ஒரு பக்கத்தைக் கழற்றி என் காதில் வைத்தான். "உம்மா, நீங்க தமிழ் சிறப்புப் பட்டம் படிச்ச ஆள்தானே. இது பாட்டா, சண்டையா? சொல்லுங்க பார்ப்பம்" என்றான். நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். ஒருவர் கத்தினார், டிரம் அடித்தது, கிட்டார் இரைந்தது. "இதென்னடா" என்று கேட்க வாயெடுக்குமுன் எல்லாம் முடிந்துவிட்டது. ஏறத்தாழ முக்கால் நிமிடம். "சண்டைதான்" என்றேன். "அப்பிடியும் சொல்லலாம்" என்று சிரித்தான்.

அந்தப் பாட்டின் பெயர் 'ஸ்ட்ரெயிட் எட்ஜ்'. பாடியது 'மைனர் திரெட்' என்ற அமெரிக்க ஹாட்கோர் பங்க் குழு. அன்று தொடங்கிய கேள்விதான் என்னை ஒரு வருட காலம் இந்தப் பாட்டுகளோடு இருக்க வைத்தது. அதே பாடகர் பின்னால் அமைத்த 'ஃபுகாசி' என்ற குழுவின் அல்பங்கள் எல்லாவற்றையும் கேட்டேன். அவர்களைப் பற்றி ஜெம் கோஹென் எடுத்த 'இன்ஸ்ட்ருமென்ட்' என்ற ஆவணப்படத்தையும் பார்த்தேன். எனக்கு இசை இலக்கணம் தெரியாது. நான் கற்றதும் கற்பிப்பதும் யாப்பு. ஆகவே யாப்புக் கற்ற ஒருத்தியின் காதுக்கு எட்டியதையே இங்கு எழுதுகிறேன்.

என் வாதம் இதுதான். ஒரு குழுவின் ஒலி மாறும்போது, அது கேட்பவரை எப்படி மதிக்கிறது என்பதும் கூடவே மாறுகிறது. வாஷிங்டன் நகரத்து இளைஞர் சிலரின் பாட்டு 1980 முதல் 2002 வரை அடைந்த மாற்றத்தை ஒரு பக்கம் வைப்போம். டிக்கட் விலை, மண்டபம், ஒப்பந்தம், குடும்பம் என்பவை பற்றி அவர்கள் எடுத்த முடிவுகளை மறுபக்கம் வைப்போம். இரண்டும் ஒரே கையெழுத்து என்பது தெரியவரும். அவர்களது கலையை ஒலிநாடாவில் மட்டும் தேடும் விமர்சனம் பாதியைத்தான் காணும்.

முடுகு

பங்க் இசை 1970களில் நியூயோர்க்கிலும் லண்டனிலும் தலையெடுத்தது. முறையாகச் சங்கீதம் படிக்காதவரும் மேடை ஏறலாம் என்பது அதன் முதல் துணிச்சல். அதை இன்னும் வேகமாக, இன்னும் சுருக்கமாக, இன்னும் கடுமையாக ஆக்கியதுதான் ஹாட்கோர். வாஷிங்டனில் அதற்கு வழிகாட்டியவர்கள் 'பேட் பிரெய்ன்ஸ்' என்ற கறுப்பின இளைஞர்கள். ஜாஸ் கலப்பிசை வாசித்துக்கொண்டிருந்த அவர்கள் பங்க் பக்கம் திரும்பியபோது, முன்னர் பழகிய கைத்தேர்ச்சி அவர்களுக்கு மற்றவர்கள் எட்ட முடியாத வேகத்தைக் கொடுத்தது. நடுநடுவே ரெகே பாட்டுகளையும் அவர்கள் வாசித்தார்கள். ஒரே மேடையில் அந்த வேகமும் ரெகேயின் நிதானமும் இருந்தன. அவர்களைப் பார்த்து வளர்ந்த வெள்ளையினப் பையன்கள் முதலில் வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நிதானம் அவர்களிடம் வந்துசேரப் பல வருடங்கள் ஆயின.

அந்தப் பையன்களில் ஒருவர் இயன் மெக்காய். 1962இல் பிறந்தவர். பள்ளிக்கூட நண்பர்களோடு 'டீன் ஐடில்ஸ்' என்ற குழுவை வைத்திருந்தார். 1980இல் அக்குழு கலைந்தபோது, கச்சேரிகளில் சேர்த்த சிறு தொகையைப் பங்கு போடாமல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்கள். 1,000 பிரதிகள். அட்டையைத் தாங்களே வெட்டி, மடித்து, பசை பூசி ஒட்டினார்கள். மெக்காயும் டிரம் வாசித்த ஜெஃப் நெல்சனும் நடத்திய 'டிஸ்கோர்ட்' வெளியீட்டகம் அப்படித்தான் பிறந்தது. கவிதைத் தொகுதியை அச்சகத்திலிருந்து சுமந்து வந்து, வீட்டு முன்னறையில் குடும்பமே உட்கார்ந்து அட்டை ஒட்டிய அனுபவம் உள்ள வாசகர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல.

அதே ஆண்டு மெக்காயும் நெல்சனும், கிட்டாரில் லைல் பிரெஸ்லரும் பாஸ் கிட்டாரில் பிரையன் பேக்கரும் சேர, மைனர் திரெட்டைத் தொடங்கினர். 1981இல் வந்த முதல் தட்டில் எட்டுப் பாட்டுகள். எட்டும் சேர்ந்து பத்து நிமிடம்கூட வராது. தொல்காப்பியர் எண்ணிச் சொல்லும் இருபது வண்ணங்களில் முடுகு வண்ணம் என்று ஒன்று உண்டு. அடி எங்கே நின்றது, எங்கே தொடங்கியது என்று காது பிரித்தறியுமுன் உருண்டோடும் ஓசை அது. இந்தப் பாட்டுகள் முடுகின் எல்லை. ஆனால் வெறும் இரைச்சல் அல்ல. கவனமாகக் கேட்டால் நால்வரும் ஒரே இடத்தில் நிற்பார்கள், ஒரே இடத்தில் பாய்வார்கள். மகனோடு இருந்து பத்தாம் தடவை கேட்டபோதுதான் எனக்கு அந்தக் கட்டுக்கோப்புப் பிடிபட்டது.

உத்தரவும் மறுப்பும்

'ஸ்ட்ரெயிட் எட்ஜ்' பாட்டின் பொருள் எளிது. நான் குடிக்கமாட்டேன், போதைப்பொருள் எடுக்கமாட்டேன், என் மூளை எனக்குத் தெளிவாக வேண்டும் என்கிறான் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன். ரொக் இசை என்றால் போதை என்றிருந்த உலகில் அதுதான் பெரிய கலகம். அப்போது கச்சேரிகள் பெரும்பாலும் மது விற்கும் இடங்களில் நடந்தன. வயது குறைந்தவர்களை உள்ளே விட வேண்டுமானால் அவர்களுக்கு மது விற்கக்கூடாது. அதற்காகக் கையில் கறுப்பு மையால் பெரிய பெருக்கல் அடையாளம் போடும் வழக்கத்தை டீன் ஐடில்ஸ் பையன்கள் சான் பிரான்சிஸ்கோவில் கண்டு வாஷிங்டனுக்குக் கொண்டுவந்தார்கள். தடையின் அடையாளமாகக் கையில் விழுந்த அது, விரைவிலேயே அவர்கள் தாங்களாக விரும்பிப் போட்டுக்கொள்ளும் அடையாளமாயிற்று.

இந்த இடத்தில் நம்மவர்களுக்குக் கை தட்டத் தோன்றும். எனக்கும் தோன்றியது. "பாருங்க, அமெரிக்காவிலயும் குடி வேணாம் எண்டு பாடுறாங்க" என்று பள்ளி ஓய்வறையில் ஓர் ஆசிரியைக்குச் சொன்னேன். ஆனால் விமர்சனம் நமக்குப் பிடித்த கருத்தைக் கண்டதும் நின்றுவிடக்கூடாது. கருத்து எந்த வடிவத்தில் வருகிறது என்று பார்க்க வேண்டும். முக்கால் நிமிடத்தில் ஒருவன் தன்னைப் பற்றிச் சொல்வது, கேட்பவன் காதில் உத்தரவாக விழுந்துவிடுகிறது. மறுத்துப் பேச அங்கே இடமில்லை. மூச்சுவிடவே இடமில்லை. அந்தப் பாட்டிலிருந்து ஓர் இயக்கம் உண்டானது. சில ஊர்களில் அதைப் பின்பற்றியவர்கள் குடிப்பவர்களை அடிக்கும் அளவுக்குப் போனார்கள். மெக்காய் அதை வெறுத்தார். ஆனால் பாட்டு அவர் கையை விட்டுப் போயிருந்தது.

ஆபத்தை முதலில் உணர்ந்தது குழுவுக்குள்ளேதான். 'அவுட் ஒஃப் ஸ்டெப்' என்ற பாட்டு மற்றவர்களுக்கு விதி வகுப்பதுபோல் ஒலிக்கிறது என்று நெல்சன் ஆட்சேபித்தார். 1983இல் அதே பாட்டை மீண்டும் ஒலிப்பதிவு செய்தபோது, இது யாருக்கும் சட்டமல்ல என்ற கருத்தில் மெக்காய் நடுவில் பேச்சாகவே சில வரிகள் சேர்த்தார். ஒரு ஹாட்கோர் பாட்டு ஓட்டத்தை நிறுத்தித் தன்னைத் தானே விளக்க முயல்கிறது! பாட்டாகப் பார்த்தால் அந்த இடம் கொஞ்சம் இடறுகிறது. ஆனால் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் விதை அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

இன்னொரு பாட்டில் இடறல் ஆழமானது. வெள்ளையனாய் இருப்பதே குற்றமா என்று கேட்கும் 'கில்டி ஒஃப் பீயிங் வைட்' 1981இல் வந்தது. கறுப்பின மாணவர் பெரும்பான்மையாக இருந்த பள்ளியில் படித்த ஒரு பையனின் அனுபவம் அது; இனவாதத்துக்கு எதிராகவே எழுதியதாக மெக்காய் பலமுறை விளக்கியிருக்கிறார். நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அடிமைமுறையின் நீண்ட வரலாறு உள்ள நாட்டில், ஒரு நிமிடம் சொச்சம் ஓடும் கத்தலுக்குள் அந்தப் பிரச்சினையை அடைத்தால் என்ன நடக்கும்? அதை வெள்ளை இனவாதிகளின் பாட்டாகவே வாசித்தவர்கள் வந்தார்கள். வாசித்தவர் மீது மட்டும் பழி போட்டுத் தப்ப முடியாது. இரண்டாம் எண்ணத்துக்கு இடம் வைக்காத யாப்பு அது. சிறுபான்மையாய் வாழ்ந்து, சொல்லாத அர்த்தங்கள் தன் சொல்மீது ஏற்றப்படுவதைக் கண்ட சமூகத்துக்கு இது லேசில் விளங்கும்.

மைனர் திரெட் 1983இல் கலைந்தது. மூன்று வருடம்தான் வாழ்ந்தது.

ஒரு கோடை

கச்சேரிகளில் வன்முறை கூடிக்கொண்டு போனது. மேடைக்கு முன்னால் ஒருவர்மேல் ஒருவர் மோதி ஆடும் ஆட்டம் பலசாலிகளின் ஆட்டமாக மாறியது. பெண்பிள்ளைகளும் சின்னப் பையன்களும் சுவரோரம் ஒதுங்கினார்கள். நமக்காக என்று தொடங்கிய இடம் முரடர்களின் இடமாகிவிட்டது என்ற மனக்கசப்பில் பழையவர்கள் பலர் விலகினர்.

அவர்கள் சண்டை போட்டு அந்த இடத்தை மீட்க முனையவில்லை. வேறு விதமாகப் பாடத் தொடங்கினார்கள். 1985ஆம் ஆண்டுக் கோடையை அவர்களே 'புரட்சிக் கோடை' என்று அழைத்தார்கள். கய் பிச்சியோட்டோ பாடிய, பிரெண்டன் கான்டி டிரம் வாசித்த 'ரைட்ஸ் ஒஃப் ஸ்பிரிங்' என்ற குழு, கோபத்தின் இடத்தில் இழப்பையும் ஏக்கத்தையும் வைத்தது. மெக்காய் 'எம்பிரேஸ்' என்ற குழுவில் தன்னையே குற்றம் சாட்டிப் பாடினார். அதே கோடையில் இந்த இளைஞர்கள் தென்னாபிரிக்கத் தூதரகத்தின் முன்னால் கூடி, நிறவெறிக்கு எதிராக மேளமும் வாளியும் தட்டினார்கள். பாட்டு மாறியதும் பாட்டுக்கு வெளியே கால் வைத்ததும் ஒரே பருவத்தில் நடந்தன. எது முதலில் வந்தது என்று பிரிப்பது கடினம்.

அகைப்பு

மெக்காய், பாஸ் கிட்டார் வாசிக்கும் ஜோ லாலி, கான்டி ஆகியோரோடு பிச்சியோட்டோவும் விரைவில் சேர்ந்து உருவானதே ஃபுகாசி. முதல் கச்சேரி 1987 செப்டெம்பர் 3இல் நடந்தது. வியட்நாம் போருக்குப் போன சிப்பாய்கள் எல்லாம் குழம்பிப்போன நிலைக்கு வழங்கிய கொச்சைச் சொல் அது.

1988இல் வந்த முதல் தட்டின் முதல் பாட்டு 'வெயிட்டிங் ரூம்'. அதைக் கேட்கும் எவரும் மைனர் திரெட்டின் பாடகரா இவர் என்று திகைப்பார்கள். கிட்டாரின் இரைச்சலுக்குப் பதிலாக லாலியின் பாஸ் தனியாக நடந்து வருகிறது. அதில் ரெகேயின் சாயல் இருக்கிறது. பேட் பிரெய்ன்ஸ் கொடுத்துவிட்டுப் போன மறுபாதிக் கடன் இப்போதுதான் தீர்க்கப்படுகிறது. மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்து பாட்டு உருவேறி வரும் நேரத்தில் திடீரென்று எல்லாம் நிற்கிறது. சில விநாடி மௌனம். பிறகு மறுபடி தொடங்குகிறது. தொல்காப்பியரின் வண்ணங்களில் அகைப்பு என்பது அறுத்து அறுத்துச் செல்லும் ஓசை. இங்கே அதைத்தான் கேட்டேன். முடுகில் மூச்சுவிட இடமில்லை என்றேன். இங்கே மூச்சுவிடும் இடமே பாட்டின் மையம். அந்த மௌனத்தில் கேட்பவருக்கு ஒரு வேலை கொடுக்கப்படுகிறது. அடுத்தது என்ன என்று அவர் காத்திருக்க வேண்டும். காத்திருப்பைப் பற்றிய பாட்டு கேட்பவரையும் காத்திருக்க வைக்கிறது.

இரண்டாவது மாற்றம் குரல். ஃபுகாசியில் இரண்டு பாடகர்கள். மெக்காயின் குரல் நேரே வரும், பிச்சியோட்டோவின் குரல் வளைந்து நெளிந்து பக்கவாட்டில் வரும். தொடக்கத்தில் பிச்சியோட்டோ கிட்டார்கூட வாசிக்கவில்லை. குரலோடும் உடம்போடும் மட்டும் மேடையில் நின்றார். ஓர் உடற்பயிற்சி மண்டபத்தில் கூடைப்பந்து வளையத்துக்குள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அவர் பாடும் காட்சி படத்தில் இருக்கிறது. 1990இல் வந்த 'ரிப்பீட்டர்' அல்பத்தில் அவரும் கிட்டாரை எடுத்தார். அதன்பின் இரண்டு கிட்டார்களும் ஒன்றுக்கொன்று விடை சொல்லத் தொடங்கின. 1995இல் 'ரெட் மெடிசின்' அல்பத்தில் லாலியும் பாடினார். மைனர் திரெட்டில் ஒரு வாய் பேசியது, இங்கே மூன்று.

குரல் பற்றிய பேச்சில் 'சஜெஷன்' என்ற பாட்டைத் தவிர்க்க முடியாது. தெருவில் நடக்கும் ஒரு பெண், தன் உடம்பின்மீது விழும் ஆண் பார்வைகளைப் பற்றிக் கேட்கும் கேள்விகளாக அது அமைந்திருக்கிறது. பாடுவது மெக்காய். ஆண் ஒருவர் பெண்ணின் வாயால் பேசலாமா என்று அங்கே விவாதம் வந்தது. அகத்திணையில் ஆண் புலவர்கள் தலைவி கூற்றாகப் பாடியதை வகுப்பில் கற்பிக்கும் எனக்கு இந்த மரபு பழக்கமானதுதான். ஆனால் பஸ்ஸில் போய்வரும் பெண்ணாக, எனக்கு அந்த விவாதமும் நியாயமாகவே படுகிறது. குழுவினர் இதற்குக் கண்ட வழி எனக்குப் பிடித்திருந்தது. 'ஃபயர் பார்ட்டி' குழுவின் பாடகி ஏமி பிக்கரிங் சில மேடைகளில் அந்தப் பாட்டைத் தாமே பாடினார். வேறொருவர் வாங்கிப் பாடக்கூடிய நிலையில் பாட்டைத் திறந்து வைத்திருந்ததை நான் முதிர்ச்சி என்பேன்.

எல்லாம் வெற்றி என்று சொல்லமாட்டேன். 1991இன் 'ஸ்டெடி டயட் ஒஃப் நத்திங்' எனக்கு வறண்டதாகவே படுகிறது. சொல்ல வேண்டியது இருக்கிறது, ஒலி மட்டும் உள்ளிழுத்துக்கொண்டு நிற்கிறது. 1993இன் 'இன் ஒன் த கில் டேக்கர்' அல்பத்தை முதலில் ஸ்டீவ் அல்பினி என்ற புகழ்பெற்ற ஒலிப்பதிவாளரோடு சிகாகோவில் பதிவு செய்தார்கள். திருப்தி இல்லை என்று அதை ஒதுக்கிவிட்டு, மைனர் திரெட் காலம் முதல் பழகிய டொன் ஸியென்டாராவின் 'இன்னர் இயர்' கூடத்தில் மறுபடி பதிவு செய்தார்கள். 'ரெட் மெடிசின்' முதல் அவர்களது ஒலி வீட்டுக்குள் விளையாடும் பிள்ளைகளைப்போல் சுதந்திரமானது. கடைசி அல்பமான 'த ஆர்கியூமென்ட்' 2001 ஒக்டோபரில் வந்தது. அதில் செலோ இருக்கிறது, இரண்டாவது டிரம் வாசிப்பாளர் இருக்கிறார், முணுமுணுப்பாகத் தொடங்கும் பாட்டுகள் இருக்கின்றன. 'கேஷ் அவுட்' என்ற பாட்டு, நகரத்தில் நிலத்தின் விலை ஏறும்போது வாடகைக் குடிகள் வெளியேற்றப்படுவதைப் பேசுகிறது. இருபது வயதில் மெக்காய் இதை எழுதியிருந்தால் ஒரு நிமிடத்தில் சபித்து முடித்திருப்பார். முப்பத்தொன்பதில், ஒரு நாள் காலையில் தொடங்கும் செய்தியைச் சொல்வதுபோல் மெல்லச் சொல்லி, பிறகுதான் குரலை உயர்த்துகிறார். அந்த அமைதி கத்தலைவிட என்னைக் கலக்கியது.

ஐந்து டொலர்

இனி ஒலிக்கு வெளியே வருவோம். ஃபுகாசியின் டிக்கட் பெரும்பாலும் ஐந்து டொலர். எந்த வயதினரும் வரலாம் என்பது நிபந்தனை. வாஷிங்டனில் நடந்த கச்சேரிகள் ஏறத்தாழ எல்லாமே யாராவது ஒரு பொதுத் தேவைக்கு நிதி திரட்ட, அல்லது முற்றிலும் இலவசம். டீ-ஷேர்ட் விற்கவில்லை. முகாமையாளர் இல்லை. மண்டபம் பேசுவது, வாகனம் ஓட்டுவது, பெட்டி தூக்குவது எல்லாம் தாங்களே. டிஸ்கோர்ட்டோ தன் ஊர்க் குழுக்களை மட்டும் வெளியிட்டது. எழுத்து ஒப்பந்தம் செய்யவில்லை. 1990இல் லோர்ட்டன் சிறைச்சாலையில் கைதிகளுக்கு வாசித்தார்கள். 1991 ஜனவரி 12இல், வளைகுடாப் போர் தொடங்கவிருந்த நாட்களில், வெள்ளை மாளிகைக்கு எதிரேயுள்ள பூங்காவில் கடும் குளிரில் போருக்கு எதிராக வாசித்தார்கள். பெரும் கம்பனிகள் தேடி வந்தன. அட்லாண்டிக் நிறுவனத்தை உருவாக்கிய அஹ்மத் எர்டெகுனே நேரில் வந்து பேசினார். மறுத்துவிட்டார்கள்.

இவற்றையெல்லாம் 'கொள்கைப் பிடிப்பு' என்று ஒரு சொல்லில் பாராட்டிவிட்டுப் போவது சோம்பல். ஐந்து டொலர் ஒரு கணக்கும்தான். செலவைக் குறைத்தார்கள், தெரிந்தவர் வீடுகளில் நிலத்தில் படுத்தார்கள், இடைத்தரகருக்குக் கொடுக்கவில்லை. அதனால் குறைந்த விலையிலும் வாழ முடிந்தது. வாழ முடிந்ததால் யாருக்கும் கடமைப்படவில்லை. கடமைப்படாததால்தான் கில் டேக்கரின் முதல் பதிவைத் தூக்கி ஒதுக்க முடிந்தது. கம்பனியின் முற்பணம் வாங்கியிருந்தால் வெளியீட்டுத் திகதி கழுத்தில் கத்தியாய் நின்றிருக்கும். அவர்களது ஒலியில் நாம் கேட்கும் மெதுவான வளர்ச்சி அந்தக் கணக்கு வாங்கிக் கொடுத்த நேரம்.

மேடைமுன் வன்முறை பற்றியும் இதே விதம். யாராவது மற்றவர்களை இடித்து உதைத்தால் பாட்டை நடுவில் நிறுத்துவார்கள். பெயர் கேட்பார்கள், மரியாதையாகப் பேசிப் பார்ப்பார்கள். கேட்காவிட்டால் ஐந்து டொலரைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்புவார்கள். அதற்காகவே ஐந்து டொலர் போட்ட கடித உறைகளை வைத்திருந்தார்களாம். மகன் இதைச் சொல்லிவிட்டு, "எங்கட பள்ளிக்கூடத்து டிசிப்ளின் சேர் மாதிரி" என்றான். உண்மைதான், இதில் வாத்தியார்த்தனம் இருக்கிறது. ஆட வந்தவர்கள் சிலர் இவர்களை உபதேசிகள் என்று சலித்துக்கொண்டார்கள். அந்தச் சலிப்பை நான் தள்ளிவிடமாட்டேன். மறுப்பதும் ஒருவகை மகிமையைத் தரும். துறவி என்ற பெயரும் ஒரு விளம்பரமே. ஆனால் சுவரோரம் ஒதுங்கி நின்ற பெண்பிள்ளையின் இடத்திலிருந்து பார்த்தால் விஷயம் வேறு. பாட்டு நின்ற அந்த ஒரு நிமிடத்தில், இந்த மண்டபம் உனக்கும் சொந்தம் என்று அவளிடம் முதல் தடவையாக யாரோ சொல்கிறார்கள். 'வெயிட்டிங் ரூம்' நடுவில் வரும் மௌனமும் இந்த நிறுத்தமும் எனக்கு ஒரே யாப்பாகத்தான் கேட்கின்றன.

நம் நூல் வெளியீடுகளை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. முதற்பிரதியைப் புரவலர் வாங்குவார், சிறப்புப் பிரதிகளைப் பிரமுகர்கள் வாங்குவார்கள். புத்தகத்தை உண்மையில் வாசிக்கப்போகும் பிள்ளை பின்வரிசையில் இருந்து வடையும் தேநீரும் எடுத்துவிட்டு வெறுங்கையோடு போகும். என் சிறுகதைத் தொகுதிக்கும் அப்படித்தான் நடந்தது. அந்த உதவி இல்லாமல் நூல் வந்திருக்காது என்பதும் உண்மை, நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் நூலின் விலையும் அது யார் கையில் போய்ச் சேர்கிறது என்பதும் நம் விமர்சனக் கட்டுரைகளில் ஒரு வரியாகவேனும் வருவதில்லை. அது இலக்கியத்துக்கு வெளியே உள்ள விஷயம் என்று விட்டுவிடுகிறோம்.

மேடையை விட்டு இறங்கிய பின்

ஆயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகளுக்குப் பிறகு, 2002 நவம்பரில் லண்டனில் வாசித்ததோடு ஃபுகாசி நின்றது. கலைந்தோம் என்று அவர்கள் அறிவிக்கவில்லை. காலவரையறை இல்லாத இடைவேளை என்றார்கள். பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருந்தார்கள், வீடுகளில் பொறுப்புகள் வந்தன. நால்வரில் ஒருவரை மாற்றிவிட்டு ஓட அவர்கள் விரும்பவில்லை. முடிந்ததுபோல் தோன்றி முடியாதிருக்கும் செய்யுள் ஓசைக்குத் தொல்காப்பியர் புறப்பாட்டு வண்ணம் என்று பெயரிடுவார். இருபது வருடங்களைத் தாண்டியும் அந்த இடைவேளை அப்படித்தான் நிற்கிறது.

இடைவேளையில் அவர்கள் செய்ததைப் பார்த்தால் ஃபுகாசியின் ஒலி எங்கிருந்து வந்தது என்பதும் விளங்குகிறது. மெக்காய், ஏமி ஃபரினாவோடு 'த ஈவன்ஸ்' என்ற இருவர் குழுவில் பாடினார். நூலகங்கள், சனசமூக மண்டபங்கள் போன்ற இடங்களுக்குத் தங்கள் ஒலிபெருக்கியையும் மேசை விளக்குகளையும் தாங்களே சுமந்துபோய், அமர்ந்தபடி மெதுவாக வாசித்தார்கள். லாலி சில காலம் ரோமில் வாழ்ந்து தனி அல்பங்கள் செய்தார். பிச்சியோட்டோ மற்றவர்களின் அல்பங்களுக்குத் துணை நின்றார். சக்கர நாற்காலியில் இருந்து பாடிய விக் செஸ்நட்டுக்கு, 2009இல் அவர் இறக்கும்வரை, பின்னால் நின்று கிட்டார் வாசித்தார். கான்டி படங்களுக்கு இசையமைத்தார். இடிக்கப்படப்போகும் ஒரு வீட்டைத் தேர்ந்து, ஊரின் குழுக்கள் ஒவ்வொன்றையும் அதற்குள் ஒரு பாட்டு வாசிக்கவைத்துப் படமாக்கும் 'பர்ன் டு ஷைன்' என்ற தொடரையும் அவர் செய்தார். 'கேஷ் அவுட்' பாட்டைக் கேட்டவர்களுக்கு அந்த வெறுமையான வீடு புதிதாய்த் தெரியாது.

லாலியும் கான்டியும் கிட்டார் வாசிப்பாளர் அன்தனி பிரோக்கோடு 'த மெஸ்தெட்டிக்ஸ்' என்ற குழுவை அமைத்தார்கள். அதில் பாட்டே இல்லை, வாத்தியம் மட்டும். 2024இல் சாக்ஸபோன் கலைஞர் ஜேம்ஸ் பிரண்டன் லூயிஸோடு அவர்கள் செய்த அல்பத்தை இம்பல்ஸ் நிறுவனம் வெளியிட்டது. ஜோன் கொல்ட்ரேனின் அல்பங்களை வெளியிட்ட அதே நிறுவனம். பேட் பிரெய்ன்ஸ் ஜாஸிலிருந்து ஹாட்கோருக்கு வந்தார்கள். அவர்களிடம் படித்தவர்களில் இருவர் நாற்பது வருடம் நடந்து ஜாஸின் வாசலில் போய் நிற்கிறார்கள்.

கச்சேரிகளை அவர்கள் பெரும்பாலும் ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தார்கள். 2011 முதல் அவற்றை ஒவ்வொன்றாக மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். பரிந்துரைத்த விலை அதே ஐந்து டொலர். ஒரு டொலர் முதல் நூறு டொலர் வரை விரும்பியதைக் கொடுக்கலாம். நான் சிலவற்றைக் கேட்டேன். நரம்பு அறுந்தது, சுதி விலகியது, கூட்டத்தோடு வாக்குவாதம் செய்தது எதையும் அவர்கள் மறைக்கவில்லை. பாட்டுக்கு இடையே வரும் அந்தச் சச்சரவுகளைக் கேட்கும்போது, அல்பத்தில் வரும் மௌனங்களுக்கு என்ன விலை கொடுத்திருக்கிறார்கள் என்பது விளங்குகிறது.

மகனுக்கு இன்னும் மைனர் திரெட்தான் பிடிக்கும். "ஃபுகாசி உம்மாமாரிட பாட்டு" என்கிறான். பதினெட்டு வயதில் முடுகு பிடிப்பது நியாயம். நானும் அவனோடு வாதாடுவதில்லை.

போன தவணையில் உயர்தர வகுப்பில் வண்ணங்களைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அகைப்பு என்றால் என்ன என்று எத்தனை விதமாகச் சொல்லியும் பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை. கைபேசியை எடுத்து மேசையில் வைத்து 'வெயிட்டிங் ரூம்' பாட்டின் முதல் அரை நிமிடத்தைப் போட்டேன். பாஸ் நடந்து வந்தது, டிரம் சேர்ந்தது, பிறகு மௌனம். முன்வரிசைப் பிள்ளை ஒன்று எழும்பி, "டீச்சர், ஃபோன் நிண்டுட்டு" என்றாள். "இல்ல மகள், பொறுங்க" என்றேன்.

வகுப்பு முழுக்கப் பொறுத்திருந்தது.